கொட்டையைப் பார்த்தாலே தூக்கிப்போனவர் தெரியும்

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற மாதம் முருங்கை விதைக்கு ஏன் மூன்று சிறகு என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. உரம், மாடித்தோட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.

டீச்சர், எங்கள் கண்மாய்க்கரையில் பனைமரத்தின் மேல் ஆலமரம் முளைத்து நிற்கிறது. ஆலமரத்தின் மேல் பனை முளைத்து யாரும் பார்த்ததில்லை. ஏன்?
– விளாத்திகுளத்திலிருந்து ஒரு வாசகர்

கேள்வியின் இரண்டாம் பாதிக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். முதல் பாதியை எல்லாரும் கேட்பார்கள்.

கனிந்த ஆலம்பழம் ஒன்றை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். உள்ளே கசகசாவைப் போலப் பொடிப்பொடியாக விதை. பழத்தின் நிறம் சிவப்பு, அளவு ஒரு மைனா விழுங்கும் அளவு. மரம் பழுக்கும்போது ஆயிரக்கணக்கில் பழுக்கும். காகம், குயில், மைனா, குக்குறுவான் என்று பகலில் ஒரு கூட்டம் வரும். இரவில் வௌவால் வரும். விதை அவற்றின் வயிற்றுக்குள் போய்க் கேடில்லாமல் வெளியே வந்துவிடும். எச்சம் எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம் ஆல் முயற்சி செய்து பார்க்கும். கோயில் கோபுரம், கிணற்றுச் சுவர், பழைய வீட்டுக் கைப்பிடிச் சுவர் எல்லாம் அப்படித்தான்.

பனையில் அது நிலைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மட்டை வெட்டிய பின் மரத்தில் நிற்கும் அடிப்பகுதியைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சந்தில் தூசியும் சருகும் சேரும், மழைத் தண்ணீர் கொஞ்சம் தங்கும். தரையில் விழும் ஆலவிதைக்குக் கையிருப்பு உணவு ஏறக்குறைய இல்லை. புல்லோடும் நிழலோடும் போட்டி போட முடியாமல் பெரும்பாலும் செத்துப்போகும். மேலே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் வேரைக் கீழே விட்டுத் தரையைத் தொட்டுவிடும்.

இனி பனம்பழம். கை கொள்ளாத பழம், உள்ளே ஒன்று முதல் மூன்று கொட்டை, ஒவ்வொன்றும் கல் போல. இதை எந்தப் பறவை தூக்கும்? ஆப்பிரிக்காவில் நம் பனைக்கு உறவான ஒரு பனை இருக்கிறது. அதன் பழத்தை யானை முழுசாக விழுங்கிக் கொட்டையை வேறிடத்தில் சாணத்தோடு போடுகிறது. அந்த அளவு, அந்த வாசனை, பழுத்ததும் தொப்பென்று கீழே விழும் பழக்கம் எல்லாம் தரையில் நடமாடும் பெரிய மிருகத்துக்கான ஏற்பாடு. உங்கள் ஊரில் இப்போது அந்த வேலையைச் செய்வது மாடு. பழத்தைச் சப்பிச் சப்பி நாரை உறிஞ்சிவிட்டுக் கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும். அதற்கு அடுத்தபடி நாம்.

தூரம் போக முடியாத கொட்டை அந்த எடையை எதற்காகச் சுமக்கிறது என்பது பனங்கிழங்கு போட்டவர்களுக்குத் தெரியும். ஆவணி, புரட்டாசியில் கொட்டையை மண்ணில் பதிக்கிறோம். முளை மேலே வராது, முதலில் கீழேதான் போகும். குழாய் மாதிரி ஒன்று கொட்டையிலிருந்து கிளம்பி, குருத்தைத் தன் நுனியில் சுமந்தபடி மண்ணுக்குள் இறங்கும். கொட்டைக்குள் இருந்த சத்து எல்லாம் அதன் வழியே இறங்கிக் கிழங்காகத் திரளும். அந்த நேரத்தில் கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போன்ற சதை இருக்கும், அதுதான் பூரான்; தவுன் என்றும் சில ஊரில் சொல்கிறார்கள். தை மாதம் நாம் தோண்டித் தின்பது அந்தக் குட்டிப் பனையின் கையிருப்பைத்தான். நாம் தோண்டாமல் விட்டால், நெருப்பு வந்தாலும் மாடு மிதித்தாலும் எட்டாத ஆழத்தில் குருத்து பத்திரமாக இருக்கும். வறண்ட நிலத்தில் பிழைக்க இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆல் பயணத்தில் செலவழித்தது. பனை போய்ச் சேர்ந்த இடத்தில் பிழைப்பதற்குச் செலவழித்தது. இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒரு கொட்டையில் இடம் போதாது.

ஆல் பனையை நெரித்துக் கொல்லுமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். மற்ற மரங்களைப் போலப் பனைத்தண்டு வருடாவருடம் பருத்துக்கொண்டே போவதில்லை. அதனால் வேர் சுற்றி இறுக்குவதால் உடனே சாகாது. ஆலின் தழை மேலே போய்ப் பனை ஓலைக்கு வெயிலை மறைக்கும்போதுதான் ஆபத்து.

ஆடு மேய்க்கப் போய்விட்டு வந்தால் பாவாடை முழுக்க ஊசிப்புல் ஏறியிருக்கிறது. அது தானாக உள்ளே நகர்கிறது என்று அம்மா சொல்கிறார்கள். உண்மையா டீச்சர்?
– சிறுமலை அடிவாரத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி

அம்மா சொல்வது முழு உண்மை. நீயே பார்த்துவிடலாம். பாவாடையிலிருந்து ஒன்றை ஒடியாமல் எடுத்துக்கொள். ஒரு முனையில் கூரான பழுப்பு ஊசி இருக்கும். அதன்மேல் பின்பக்கமாகச் சாய்ந்த பொன்னிற மயிர் இருக்கும். விரலால் நுனியிலிருந்து பின்னோக்கித் தடவினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் சுரசுரப்பு. மறு முனையில் நீளமான வால், முறுக்கிய கயிறு போல, பாதியில் மடிந்து நிற்கும்.

ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து அதன்மேல் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விடு. வால் மெல்லச் சுழல ஆரம்பிக்கும். முறுக்கு பிரியும். வெயிலில் காயவை, மறுபடி முறுக்கிக்கொள்ளும். உயிருள்ள எதுவும் இதைச் செய்யவில்லை. வாலில் உள்ள நார்கள் ஈரத்தில் ஒரு விதமாகவும் காய்ந்தால் வேறு விதமாகவும் நீள்கின்றன, அவ்வளவுதான். இரவுப் பனியில் ஈரம், பகல் வெயிலில் காய்ச்சல் என்று மாறி மாறி வர, வால் புல்லிலோ கல்லிலோ முட்டிக்கொண்டு சுழல, ஊசி மண்ணுக்குள் இறங்கும். பின்சாய்ந்த மயிர் இருப்பதால் திரும்பி வர முடியாது.

ஆக, இந்த விதையிடம் இரண்டு கருவி இருக்கிறது. ஒட்டிக்கொண்டு போக ஒன்று, போன இடத்தில் தன்னைத்தானே நட்டுக்கொள்ள இன்னொன்று. செம்மறி ரோமத்தில் மாட்டினால் அதற்கு மண்ணுக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியாது, தோலையே துளைக்கும். உங்கள் ஆடுகளின் தாடை, அக்குள், கால் இடுக்கை வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிடு. புல் கதிர் விடுவதற்கு முன்னே அந்த இடத்தை மேய்த்துவிட்டால் தொல்லையே இல்லை. இளம்புல்லை ஆடு நன்றாகத் தின்னும்.

நெல் தூரில் புகையான் இருக்கிறது. சிலதுக்கு நீள இறக்கை, சிலதுக்குப் பாதி இறக்கை. குட்டை இறக்கை உள்ளது குஞ்சு என்று நினைத்தேன். பக்கத்து வயல்காரர் அது வேறு பூச்சி என்கிறார்.
– மன்னார்குடி அருகே ஒரு விவசாயி

ஐயா, இரண்டும் ஒரே பூச்சிதான். இரண்டும் முழு வளர்ச்சி அடைந்தவைதான். இந்த மாதம் வந்த கேள்விகளில் பணம் சம்பந்தப்பட்ட கேள்வி இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

புகையான் நெல்லின் சாற்றை உறிஞ்சி வாழும் சிறு பூச்சி. அதில் நீள இறக்கை உள்ளது ஊர் விட்டு ஊர் போகும் வகை. குட்டை இறக்கைக்குப் பறக்க முடியாது. ஆனால் பெண்பூச்சி சீக்கிரம் முட்டையிடத் தொடங்கும், அதிகமாகவும் இடும். பறக்க இறக்கை வேண்டும், இறக்கையை அசைக்கச் சதை வேண்டும், அந்தச் சதைக்குத் தீனி வேண்டும். அந்தச் செலவு இல்லாதது முழுவதையும் முட்டையில் போடுகிறது.

உங்கள் வயலில் நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். பயிர் இளசாக இருக்கும்போது வெளியிலிருந்து நீள இறக்கை வந்து இறங்கும். இளம்பயிர், நல்ல சாறு, கூட்டம் குறைவு. அதனால் அடுத்த தலைமுறையில் பெரும்பாலும் குட்டை இறக்கை. அவை தூரைவிட்டு நகராமல் பெருகும். பயிர் முற்றத் தொடங்கும்போது ஒரு தூரில் நூறு உட்கார்ந்திருக்கும், சாறும் மாறும். அப்போது வளரும் குஞ்சுகள் நீள இறக்கையோடு வெளிவரும். நீங்கள் பயிர் வட்டவட்டமாகக் காய்ந்து புகைந்ததைப் பார்த்து மருந்துக் கடைக்கு ஓடும் நாளில், தின்றவற்றில் பாதி அடுத்த வயலுக்குக் கிளம்பத் தயாராக இருக்கும்.

எந்தக் குஞ்சுக்கு எந்த இறக்கை என்று தீர்மானிப்பது அதன் உடம்பில் உள்ள இரண்டு இன்சுலின் ஏற்பிகள், அதாவது இன்சுலின் கொண்டுவரும் சேதியை வாங்கும் புரதங்கள். சர்க்கரை நோயில் நாம் பேசும் இன்சுலினைப் போன்ற ஒன்றுதான் பூச்சியிலும் வேலை செய்கிறது. ஒரு ஏற்பி நீள இறக்கைக்குப் பச்சைக்கொடி காட்டும், மற்றொன்று தடை போடும். சீன விஞ்ஞானிகள் இதை 2015இல் கண்டுபிடித்தார்கள். முற்றும் பயிரின் சாற்றில் குளுக்கோஸ் கூடுவது குஞ்சுக்கு ‘கிளம்பு’ என்ற சேதியாகப் போகிறது என்பதும் பின்னால் தெரிந்தது. பயணம் எவ்வளவு தூரம் என்றால், ஜப்பானின் குளிரில் இந்தப் பூச்சி பிழைக்காது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்றில் கடல் தாண்டி அங்கே போய் இறங்குகிறது.

இதை வைத்து நீங்கள் செய்யக்கூடியது. விளக்குப்பொறியில் விழுவது நீள இறக்கை மட்டும். பயிர் இளசாக இருக்கும்போது பொறியில் நிறைய விழுந்தால் விருந்தாளி வந்துவிட்டது என்று பொருள். அன்றிலிருந்து தூரைப் பிரித்துப் பார்க்கத் தொடங்குங்கள். பொறியில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், குட்டை இறக்கை விளக்குக்கு வராது. தூரைக் கையால் தட்டினால் தண்ணீரில் விழும், எண்ணலாம். ஒரு சிம்புக்கு (தூரில் கிளைத்த ஒரு தண்டுக்கு) ஒன்று இருந்தால் நடவடிக்கை எடுங்கள். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம். நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி (பட்டம்) விடுங்கள். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், பிரித்துப் போடுங்கள். தண்ணீரை வடித்து, வயலைக் காயவிட்டுப் பாய்ச்சுங்கள். ஈரமும் நிழலும் கொழுத்த சாறும் ஒன்றாக இருக்கும் இடம்தான் குட்டை இறக்கைக்குச் சொர்க்கம்.

சாமியார்கள் வைத்திருக்கும் கருப்புத் திருவோடு கடலில் மிதந்து வந்தது என்கிறார்களே, அது என்ன காய்?
– வேதாரண்யம் வாசகி

கடல் தேங்காய் என்கிற இரட்டைத் தேங்காயின் ஓடு. உலகிலேயே பெரிய விதை. ஒன்று 25 கிலோ வரை இருக்கும். செஷல்ஸ் நாட்டில் பிராஸ்லின், கியூரியூஸ் என்ற இரண்டு தீவுகளில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது.

நல்ல காய் கடலில் விழுந்தால் மூழ்கிவிடும். உள்ளே அழுகிக் காலியான ஓடுதான் மிதந்து மாலத்தீவுக்கும் நம் கரைக்கும் வந்தது. அதாவது பயணம் வந்தது எல்லாம் செத்த காய். நம் தென்னை இதற்கு நேர் எதிர். மெழுகுப் பூச்சுத் தோல், கனமான நார், உள்ளே குடிநீர்; 110 நாள் கடலில் மிதந்தபின்னும் முளைக்கும் என்று 1941இல் ஹவாயில் சோதித்திருக்கிறார்கள். கடல் தேங்காய் தாய்மரத்தின் அடியிலேயே, சத்தில்லாத மண்ணில், நிழலில் முளைக்க வேண்டியது. அதற்குத்தான் அவ்வளவு கட்டுச்சோறு. இன்னொரு செய்தி: அது தென்னையைவிடப் பனைக்குத்தான் நெருங்கிய சொந்தம். முளைக்கும்போதும் பனையைப் போலவே குருத்தைக் கயிற்றில் கட்டி மண்ணுக்கடியில் சில மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கும்.

எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் எருக்கு முளைத்திருக்கிறது. தாத்தாப்பூச்சி பறந்து வந்ததாம். நகரத்தில் இத்தனை கான்கிரீட்டுக்கு நடுவில் பறக்கிற விதைக்கு என்ன லாபம்?
– சென்னை மயிலாப்பூர் வாசகர்

உங்கள் தொட்டியில் விழுந்த ஒன்றுக்கு லாபம். சாலையிலும் கூரையிலும் விழுந்தவை எத்தனை என்று யோசித்தால் நஷ்டம்தான் அதிகம். பிரான்சில் மோன்பெலியே என்ற ஊரில் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். க்ரெபிஸ் சாங்டா என்ற சிறு செடி. சூரியகாந்திக் குடும்பம், மஞ்சள் பூ. ஒரே பூவில் பஞ்சு வைத்த லேசான விதையும், பஞ்சில்லாத கனமான விதையும் உண்டாகும். நடைபாதையில் மரத்தைச் சுற்றி விட்ட சதுர மண்ணில்தான் அது ஊருக்குள் வாழ்கிறது. பறக்கும் விதை அந்தச் சதுரத்துக்குள் விழும் வாய்ப்பு, பறக்காத விதையைவிட 55 சதவீதம் குறைவு. நகரத்துச் செடிகளில் கனமான விதையின் பங்கு நாட்டுப்புறச் செடிகளைவிடக் கூடியிருந்தது. இந்த மாற்றத்துக்கு 5 முதல் 12 தலைமுறை போதும் என்று 2008இல் கணக்கிட்டார்கள்.

எருக்கில் இரண்டு வகை விதை கிடையாது. அது பறந்துகொண்டேதான் இருக்கும். தொட்டிச் செடியை முடிந்தால் தோட்டத்து ஓரமாக நட்டுவிடுங்கள். பாலைக் கண்ணில் மட்டும் படவிடாதீர்கள்.

ஐப்பசியில் கூட்டங்கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான் கடல் தாண்டிப் போகிறது என்று படித்தேன். இந்தச் சின்ன உடம்பால் எப்படி முடியும்?
– தூத்துக்குடி கல்லூரி மாணவர்

‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை’ என்று நம்மவர்கள் மழையோடு முடிச்சுப் போட்ட பூச்சிகளில் இது முக்கியமானது. இதன் வாழ்க்கையே மழையைத் துரத்துவதுதான். மற்றத் தட்டான்களின் குஞ்சு குளத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். இது தற்காலிக மழைத் தேக்கத்தில் ஆறேழு வாரத்திலேயே வளர்ந்து வெளிவரும். குட்டை வற்றுமுன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பிடித்து, இறக்கையை மெல்ல விரித்துப் பாருங்கள். பின்னிறக்கையின் அடிப்பக்கம் மற்றத் தட்டான்களைவிட மிக அகலம். அதனால் இறக்கையை அடிக்காமலே காற்றில் மிதந்து போகும்.

மாலத்தீவில் வாழ்ந்த சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், நல்ல தண்ணீரே அரிதான அந்தத் தீவுகளுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் இவை திரளாக வருவதைக் குறித்துவைத்து 2009இல் எழுதினார். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை, உயரத்தில் வீசும் காற்றில் போகின்றன என்பது அவர் முடிவு. போவதும் வருவதும் ஒரே தட்டான் செய்வதில்லை. தலைமுறைகள் மாறி மாறிச் சுற்றை முடிக்கின்றன.

இதே இனம் பசிபிக்கின் நடுவே ஈஸ்டர் தீவிலும் இருக்கிறது. அங்கே கிளம்பிப் போனால் திரும்பக் கரை கிடையாது. கடலுக்குப் போனது தொலைந்தது, தங்கியது பெருகியது. அந்தத் தீவுத் தட்டான்கள் தாழவே பறக்கின்றன, சிறு தூரம்தான் பறக்கின்றன, மேகம் வெயிலை மறைத்தால் உடனே உட்கார்ந்துவிடுகின்றன.

இருவாச்சி இல்லாவிட்டால் காடு அழிந்துவிடும் என்பது மிகையில்லையா?
– பொள்ளாச்சி வாசகர்

காடு ஒரே நாளில் அழியாது. அதுதான் கவலை. வால்பாறைப் பக்கம் தேயிலைக்கு நடுவே துண்டுதுண்டாக நிற்கும் சோலைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காட்டு ஜாதிக்காய் வெடித்தால் உள்ளே சிவப்புப் பத்திரி சுற்றிய பெரிய விதை தெரியும். அதை முழுசாக விழுங்க அகன்ற வாய் வேண்டும். இருவாச்சிக்கு இருக்கிறது, கொண்டைக்குருவிக்கு இல்லை. விழுங்கிப் பத்திரியைச் செரித்துக்கொண்டு விதையை வேறிடத்தில் கக்கும். அந்தப் பறவை வராத துண்டில் பெரிய மரம் நூறு வருடம்கூட நிற்கலாம். பார்ப்பவருக்குக் காடு பச்சையாகவே தெரியும். கன்றுகள்தான் தாய்மரத்தின் அடியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்.

பிரேசிலில் ஜுசாரா என்ற பனை இனத்தில் இன்னும் ஒரு படி மேலே நடந்திருக்கிறது. டூக்கன் போன்ற பெரிய அலகுப் பறவைகள் அழிந்த காடுகளில் 12 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விதையே அநேகமாக இல்லை என்று 2013இல் கண்டார்கள். சிறு பறவை விழுங்கும் அளவுக்கு விதையே சிறுத்துவிட்டது. சிறு விதை சீக்கிரம் காய்ந்து சாகும், மழை தவறும் ஆண்டில் அதுவே பெரிய இழப்பு. நூறு ஆண்டுக்குள் ஒரு மரத்தின் உடலமைப்பே மாறியிருக்கிறது. எனக்கு இது மிகையாகத் தெரியவில்லை. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தினர் தனியார் தோட்டத்துச் சோலைகளில் நாட்டு மரக்கன்றுகளை நட்டுவருகிறார்கள். பறவை செய்யாமல் விட்ட வேலையில் ஒரு பகுதியைக் கையால் செய்கிறார்கள்.

ஆட்டுக்கிடை போட்ட இடத்திலெல்லாம் சீமைக்கருவேலம் முளைக்கிறது. கிடையே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா?
– கமுதி விவசாயி

நிறுத்தாதீர்கள் ஐயா. கிடை எருவுக்கு ஈடு இல்லை. அந்த மரத்தின் காயைப் பாருங்கள்: பழுத்தாலும் வெடிக்காது, சதை இனிப்பு, ஒவ்வொரு விதைக்கும் தனியாகக் கல் போன்ற கூடு. அதனால் ஆட்டின் வயிற்றுக்குள் போயும் சாகாமல் புழுக்கையோடு வந்து முளைக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1870களில் இந்தியாவுக்கு வந்தபோது, இங்கே ஆடும் மாடும் வண்டியோடு காத்திருந்தது மாதிரி ஆயிற்று.

காய் உதிரும் மாதத்தில் மட்டும் கவனம் போதும். கிடைக்காரரிடம் ஆடு எங்கே மேய்ந்தது என்று கேளுங்கள். நெற்று தின்ற மந்தையானால் சில நாள் வேறு தீனி கொடுத்துத் தரிசில் நிறுத்திவிட்டு வயலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் சொந்த ஆட்டுக்கு நெற்றைக் கொடுப்பதானால் அரைத்து மாவாக்கிக் கொடுங்கள், விதை செத்துவிடும், சத்து வீணாகாது. மரத்தை வெட்டுவதானால் காய் பிடிக்குமுன் வெட்டுங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஒரு அடி மண்ணைப் பறித்து அடித்தூரோடு எடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் வயலில் முளைத்ததை விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். முழங்கால் உயரம் வந்துவிட்டால் கடப்பாரை வேண்டும்.